வாகை மரத்து முட்டைச் சுங்கம்

ஒரு காட்டில், ஓடைக்கு இந்தக் கரையில், ஒரு சிங்கராஜா அரசாண்டு வந்தார். நம் பக்கத்துக் காடுகளில் சிங்கம் ஏது என்று கேட்கிறவர்கள் கேட்கலாம். உள்ளூரில் சிறுத்தை இருந்தது, கரடி இருந்தது. ஆனால் கதைக்கு ராஜா என்றால் சிங்கம்தான் எடுபடும் என்று யாரோ சொல்லிவிட்டதால், எப்போதோ ஒரு காலத்தில் வெளியிலிருந்து தருவித்திருந்தார்கள். வந்து இறங்கிய நாள் முதல் "நம் மண், நம் காடு" என்று எல்லாரையும்விட உரக்கச் சொல்கிறவர் அவர்தான். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அந்தக் காட்டின் ஓரத்தில், பஸ் போகிற சாலையைப் பார்த்தபடி, ஒரு வாகை மரம் இருந்தது. அதில் வெள்ளையம்மா என்ற காகம் தன் புருஷன் மாயாண்டியோடு குடியிருந்தாள். அவள் கட்டிய கூட்டைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரும். சுள்ளி, தேங்காய் நார், பஸ் நிறுத்தத்தில் பொறுக்கிய கம்பித்துண்டு, துருப்பிடித்த ஒரு ஹேர்பின், இவ்வளவும் அதில் இருந்தன. ஆனால் எந்தக் காற்றுக்கும் அசையாது.

வெள்ளையம்மாவுக்கு ஒரு துக்கம் இருந்தது. போன வருஷம் அவள் மூன்று முட்டை இட்டாள். நான்கு குஞ்சு பொரிந்தது. காகங்களுக்கு மூன்று வரைதான் எண்ணத் தெரியும், அதற்கு மேல் "நிறைய" என்று சொல்லிவிடுவார்கள். அதனால் அவள் சந்தேகப்படவில்லை, சந்தோஷப்பட்டாள். முதலில் பொரிந்த குஞ்சு மற்ற மூன்றின் இரையையும் சேர்த்துத் தின்று கொழுத்தது. மற்ற மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வாடிச் செத்துப்போயின. மிஞ்சிய ஒன்றை உயிரைக் கொடுத்து வளர்த்தாள். இறக்கை முளைத்த அன்று அது கிளை நுனியில் போய் உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "கூ" என்றது.

வெள்ளையம்மா இரண்டு நாள் எதையும் தொடவில்லை. அக்கம்பக்கத்து மைனாக்கள் எதிரில் பரிதாபப்பட்டு, பின்னால் சிரித்தன. அவளுக்கு இந்த வருஷம் ஒரே ஒரு ஆசைதான். ஒரு குஞ்சாவது தன் முகத்தைப் பார்த்து "கா" என்று கூப்பிட வேண்டும்.

ஆகவே முட்டையிடும் காலம் நெருங்கியதும் அவள் ராஜாவிடம் மனு கொடுத்தாள். ஓடைக்கு அந்தக் கரையிலிருக்கும் மாந்தோப்புக் குயில்கள் தன் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டை இறக்குகின்றன, தடுக்க வேண்டும் என்பது மனு.

ராஜா சபையைக் கூட்டினார். மாந்தோப்பின் சார்பில் முனைவர் சாரங்கன் வந்தார். சாரங்கன் ஒரு குயில். கடல் தாண்டிப் போய் வணிகத் தத்துவம் படித்தவர். சிவந்த கண், பளபளக்கும் கறுப்பு உடம்பு, கேட்கிறவர் மயங்கும் குரல். ஒரு பெரிய தேக்கிலையை விரித்து, கரித்துண்டால் கட்டம் போட்டார்.

"மகாராஜா, விஷயம் ரொம்ப சிம்பிள். வெள்ளையம்மா மேடம் கூடு கட்டுவதில் கெட்டிக்காரர். அடைகாப்பதிலும் கெட்டிக்காரர். பாட்டு சுமார்."

"சுமாரா?" என்று மாயாண்டி சிலிர்த்துக்கொண்டான். அவனுக்குத் தன் குரலைப் பற்றி உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது.

"நான் கூடு கட்டுவதில் மோசம். அடைகாப்பதில் படுமோசம். பாட்டில் மட்டும் அவ்வளவு மோசமில்லை. ஆக, அவரவருக்கு எது ஒப்பீட்டில் நன்றாக வருகிறதோ அதை மட்டும் அவரவர் செய்து, மற்றதைப் பரிமாறிக்கொண்டால், மொத்தத்தில் குஞ்சும் பெருகும், பாட்டும் பெருகும். எல்லை கூடாது, தடை கூடாது. நாங்கள் முட்டை அனுப்புகிறோம். கூடவே பாட்டும் அனுப்புகிறோம்."

வெள்ளையம்மா கொஞ்சம் யோசித்தாள். "ரெண்டையும் நீங்களே அனுப்புறீங்க. வேலை மட்டும் என்னுதா சார்?"

"அதற்குப் பெயர்தான் பரிமாற்றம், மேடம்."

"எனக்குப் பாட்டு வேணாம் சார்."

"உங்களுக்கு வேண்டாமாக இருக்கலாம். காட்டுக்கு வேண்டும். விடியற்காலையில் மான்கள் கேட்கின்றன. ராஜா பல் துலக்கும்போது கேட்கிறார். சந்தையில் தேவை இருக்கிறது."

ராஜா பிடரியைத் தடவிக்கொண்டு, ஆமாம் என்பதுபோலத் தலையாட்டினார்.

"போன வருஷம் என் புள்ளைங்க மூணும் செத்துப்போச்சே. அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றாள் வெள்ளையம்மா.

சாரங்கன் கெட்டவர் இல்லை. அதைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் சுருங்கத்தான் செய்தது. பிறகு இலையின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அதற்கும் தத்துவத்தில் இடம் இருக்கிறது, மேடம். வணிகத்தில் லாபம் அடைந்தவர்கள், நஷ்டப்பட்டவர்களுக்கு ஈடு கொடுத்த பிறகும் அவர்கள் கையில் மிச்சம் இருக்கும். அதைக் கணக்குப் போட்டு நிரூபித்திருக்கிறார்கள்."

"அப்போ ஈடு குடுப்பீங்களா?"

"கொடுக்க முடியும் என்பதுவரை நிரூபித்தாயிற்று. கொடுப்பது வேறு துறை."

அடுத்து எழுந்தவர் காட்டுப்பன்றித் தலைவர் வீரபத்திரன். உள்நாட்டு நலனைக் காப்பதற்காகவே பிறந்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். அவருக்கு மேடை தேவையில்லை, எந்த மண்ணையும் நாலு கிண்டு கிண்டி மேடாக்கி அதில் ஏறிக்கொள்வார்.

"கொம்புள்ள பெரியோர்களே, கொம்பில்லாத தாய்மார்களே! அந்நிய முட்டையை நம் கூட்டில் விடலாமா? வாகை மரத்தில் ஒரு சுங்கச்சாவடி போடுங்கள். அந்நிய முட்டைக்கு வரி போடுங்கள். அந்த வரியை யார் கட்டுவார்? அந்நியர் கட்டுவார்! நமக்குக் கால் காசு செலவில்லை. அதுமட்டுமா? நம் உள்நாட்டுக் காகப் பாட்டு இன்று ஒரு பச்சைக் குழந்தை. குழந்தையைத் தெருவில் விட்டுப் போட்டிபோடச் சொல்வார்களா? தொட்டிலில் போட்டுப் பாதுகாத்தால் நாளை அது குயிலையே மிஞ்சும்!"

"எத்தனை நாளாகக் குழந்தையாக இருக்கிறது?" என்று சாரங்கன் மெதுவாகக் கேட்டார்.

"காடு உண்டான நாளிலிருந்து," என்றார் வீரபத்திரன் பெருமையாக. மாயாண்டி எழுந்து நின்று இறக்கை தட்டினான்.

ராஜாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. யார் கடைசியாகப் பேசுகிறாரோ அவர் சொல்வதே அவருக்குச் சரியாகப் படும். அன்று கடைசியாகப் பேசியவர் வீரபத்திரன். எனவே சட்டம் வந்தது.

சட்டத்தில் மூன்றே விதிகள். முதல் விதி, காட்டில் உள்ள ஒவ்வொரு முட்டைக்கும் "காக்கைச் சான்று" வாங்கி ஒட்ட வேண்டும். இரண்டாவது, சான்று இல்லாத முட்டை எதுவானாலும் அது குயில் முட்டையாகவே கருதப்படும், பறிமுதல் செய்து ஓடைக்கு அப்பால் திருப்பி அனுப்பப்படும். மூன்றாவது, அயல்நாட்டு முட்டை ஒழுங்கான தாளோடு வந்தால், முட்டைக்கு அரை இட்லி வரி வாங்கிக்கொண்டு உள்ளே விடலாம். அயல் சரக்கை அடியோடு தடுத்தால் ராஜா எங்கே போவார் என்று யாரோ காதில் ஓதியதால் கடைசி நேரத்தில் சேர்த்த விதி அது.

சுங்க அதிகாரியாக ஏகவர்ணம் என்ற பச்சோந்தியை நியமித்தார்கள். நல்ல பொருத்தம். ஆட்சேபம் இல்லாத சரக்கு வந்தால் அவர் பச்சையாகிவிடுவார், ஆட்சேபம் இருந்தால் சிவந்துவிடுவார். தனியாக விளக்கு வாங்க வேண்டிய செலவு மிச்சம். வெள்ளையம்மாவின் கூட்டுக்கு ஒரு முழம் தள்ளி, ஒரு கிளையில் அவர் சாவடி போட்டு உட்கார்ந்தார்.

வெள்ளையம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இனி தன் கூடு தன்னுடையது என்று நம்பினாள். அந்த வாரமே மூன்று முட்டை இட்டாள். பச்சையும் நீலமும் கலந்த முட்டைகள். ஒன்று மட்டும் ஹேர்பின்னில் உரசியதில், அடிப்பக்கம் பிறைபோல ஒரு துருக்கறை பட்டுவிட்டது. அதைப் பார்த்துப் பார்த்து, தானே திருஷ்டிப்பொட்டு வைத்ததுபோலச் சிரித்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து ஏகவர்ணம் தொண்டையைக் கனைத்தார். "அம்மணி, சான்று எங்கே?"

"என் முட்டைக்கு எதுக்கு அய்யா சான்று? குயில் முட்டையைத் தடுக்கத்தானே சட்டம்?"

"எது குயில் முட்டை என்று தெரிய வேண்டுமானால் எது காக்கை முட்டை என்று தெரிய வேண்டும் அல்லவா? அரசமரத்தடி அலுவலகத்தில் படிவம் கொடுக்கிறார்கள். தாய், தகப்பன் இருவரும் நேரில் ஆஜராக வேண்டும்."

"ரெண்டு பேரும் போயிட்டா முட்டையை யாரு பாத்துக்குறது?"

"நான் இருக்கிறேனே," என்றார் ஏகவர்ணம்.

மறுநாள் வெயில் ஏறியதும், முட்டைகளின் மேல் தேங்காய் நாரை இழுத்துப் போர்த்திவிட்டு, இரண்டு பேரும் பறந்தார்கள். அரசமரத்தடியில் வரிசை நிற்பதற்கு வேரைச் சுற்றி மூன்று சுற்று கோடு போட்டிருந்தது, ஆனால் கூட்டம் அதிகமில்லை. உள்ளே படிவம் வாங்குகிற கிளார்க் ஓர் ஆமை. அவர் தாமதமாக வேலை செய்கிறார் என்று சொல்ல முடியாது. அவர் வேகத்துக்கு அவர் செய்தார். கிளையில் ஒரு கிளி உட்கார்ந்து டோக்கன் எண் கூவியது.

இவர்கள் போய்ச் சேரவும், எதிரே புள்ளி போட்ட ஒரு பெண் குயில் தாளை மடித்து அலகில் வைத்துக்கொண்டு வெளியே வரவும் சரியாக இருந்தது. அவள் சாரங்கனின் மனைவி சுந்தரவல்லி.

"என்னக்கா, இப்பதான் வர்றீங்களா? நான் கருக்கல்லயே வந்துட்டேன். முதல் டோக்கன் எனக்குத்தான்," என்றாள் தாளைக் காலுக்கு மாற்றிக்கொண்டு.

"உனக்கு எப்படிம்மா அவ்வளவு சீக்கிரம் முடிஞ்சுது?"

"எனக்கென்னக்கா, கூடா குடித்தனமா? நாள் பூரா நிக்கச் சொன்னாலும் நிப்பேன்."

வெள்ளையம்மா தாளை எட்டிப் பார்த்தாள். தலைப்பில் "காக்கைச் சான்று" என்று முத்திரையோடு இருந்தது. "ஏம்மா, குயில் முட்டைக்கு எதுக்குக் காக்கைச் சான்று?"

"படிவத்துல அதெல்லாம் கேக்கலையேக்கா. முட்டை பிறக்கும் இடம்னு கேட்டிருந்துச்சு. வாகை மரம்னு போட்டேன். உண்மைதானே? அங்கதானே போட்டுட்டு வரப்போறேன்!" என்று சொல்லிவிட்டு அவள் பறந்தாள்.

வெள்ளையம்மா மாயாண்டியின் இறக்கையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, வாங்க போயிடலாம்!"

"போனா டோக்கன் போயிடும் புள்ள. சான்று இல்லன்னா நம்ம முட்டையையே தூக்கிருவாங்க," என்றான் மாயாண்டி.

"அப்போ நீங்க மட்டும் போங்க."

"ரெண்டு பேரும் நிக்கணும்னாங்களே."

இவர்களுக்கு முன்னால் ஒரு முயல் மட்டும் பாக்கி. கோரைக்கிழங்கு ஏற்றுமதிக்கு அனுமதி கேட்டு வந்த முயல் அது. ஆமை அந்த மனுவை வாசித்து முடிப்பதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. வெள்ளையம்மா ஒரு காலில் நின்றாள், மறு காலில் நின்றாள், வாகை மரம் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவள் படிவம் ஆமையின் கைக்குப் போனது.

"முட்டை இடும்போது பார்த்த சாட்சிகள் இருவர் கையொப்பம் இல்லையே," என்றார் ஆமை.

"அந்த நேரத்துல யாருங்க வந்து பாப்பாங்க? நான்தான் இருந்தேன்."

"நீங்கள் மனுதாரர். சாட்சி ஆக முடியாது."

"சுந்தரவல்லி இன்னும் முட்டையே போடலையே! அவளுக்கு யாரு சாட்சி?"

"அவர் இடப்போகிற முட்டைக்கு, பார்க்கப்போகிற இரண்டு சாட்சிகளைக் கொண்டு வந்திருந்தார். முன்கூட்டியே திட்டமிடுகிறவர்களுக்கு அலுவலகம் எப்போதும் ஒத்துழைக்கும். நாளை வாருங்கள்."

இரண்டு பேரும் மூச்சு வாங்க வாகை மரத்துக்குத் திரும்பினார்கள். கூட்டில் ஒரே ஒரு முட்டை இருந்தது. அதன்மேல் காக்கைச் சான்று ஒட்டி, ஈரம் காயாத முத்திரை குத்தியிருந்தது. மற்ற மூன்றும் இருந்த இடத்தில் தேங்காய் நார் குழிந்து கிடந்தது.

"அய்யா! என் முட்டைங்க எங்க?"

ஏகவர்ணம் ஏட்டைப் புரட்டினார். "காலையில் சோதனை நடந்தது. சான்று உள்ள காக்கை முட்டை ஒன்று, அனுமதிக்கப்பட்டது. சான்று இல்லாதவை மூன்று, பறிமுதல். விதி இரண்டின்படி குயில் முட்டைகள். ஓணான் காவலர்கள் மாந்தோப்புக்கு எடுத்துப் போய்விட்டார்கள்."

"அது என்னோடதுங்க! என் வயித்துல இருந்து வந்துச்சுங்க!"

"வயிற்றுக்கு அத்தாட்சி பெற்ற நகல் இருக்கிறதா?"

வெள்ளையம்மா கூட்டின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். போன வருஷம் குஞ்சுகளின் முகமாவது பார்த்தாள், இந்த வருஷம் அதுகூட இல்லை. மாயாண்டி அவள் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, அவள் கழுத்து இறகைக் கோதிக்கொண்டிருந்தான்.

அதே நேரத்தில் மாந்தோப்பில் வேறு ஒரு கலவரம். ஓணான் காவலர்கள் மூன்று முட்டைகளை ஒரு மாங்கிளைக் கவட்டில் வைத்துவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். சாரங்கனும் சுந்தரவல்லியும் முட்டைகளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அவர்கள் பரம்பரையில் ஒரு முட்டை இப்படித் திரும்பி வந்ததே கிடையாது.

"இது நம்ம முட்டை இல்லையேங்க," என்றாள் சுந்தரவல்லி.

"தாளில் நம்முடையது என்று இருக்கிறது."

"ஆறிக்கிட்டே வருதே! ஏதாவது பண்ணுங்க."

சாரங்கன் தயங்கித் தயங்கி ஏறி முட்டைகளின் மேல் உட்கார்ந்தார். எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியவில்லை. ஐந்து நிமிஷம் ஆவதற்குள் அவருக்கு ஒரு பாட்டு வந்துவிட்டது. பாட்டு வந்தால் அவரால் உட்கார்ந்திருக்க முடியாது, எழுந்து மேல்கிளைக்குப் போய்விட்டார்.

"உங்க தத்துவத்துல இதுக்கு ஏதாவது வழி இருக்கா?" என்று கீழிருந்து சுந்தரவல்லி கத்தினாள்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இருக்கிறதே! இதுதான் ஒப்பீட்டு நன்மை. அடைகாப்பதில் யார் கெட்டிக்காரரோ அவரிடம் ஏற்றுமதி செய்துவிடு."

"யாருகிட்ட?"

"வாகை மரத்தில் வெள்ளையம்மா மேடம் என்று ஒருவர் இருக்கிறார்."

சுந்தரவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் முட்டைகளைத் தொட்டுப் பார்த்தபோது அவளுக்கே மனசு கேட்கவில்லை. ஏற்றுமதித் தாளை அவசரமாக நிரப்பி, வெயில் சாய்வதற்குள் மூன்றையும் ஓர் இலையில் பொதிந்து சுமந்துகொண்டு வாகை மரத்துக்கு வந்துவிட்டாள்.

குயிலைக் கண்டால் காகம் துரத்தும். அது உடம்பில் ஊறியது. வெள்ளையம்மாவும் அலகை நீட்டிக்கொண்டு பாய்ந்தாள், பாதி வழியில் நின்றுவிட்டாள். சாவடிக் கிளையில் வரிசையாக வைத்திருந்த மூன்று முட்டைகளில் கடைசி முட்டையின் அடியில், பிறைபோல ஒரு துருக்கறை தெரிந்தது.

ஏகவர்ணம் தாளை வாங்கிப் பார்த்தார். "மாந்தோப்புச் சரக்கு. மூன்று. தாள் ஒழுங்காக இருக்கிறது." பிறகு வெள்ளையம்மா பக்கம் திரும்பினார். அவர் உடம்பில் இன்னும் பச்சையும் வரவில்லை, சிவப்பும் வரவில்லை. "அம்மணி, இறக்குமதி செய்துகொள்கிறவர் வாக்குமூலம் தர வேண்டும். இவை ஏற்கெனவே உங்களுக்குத் தெரிந்த முட்டைகளா?"

மாயாண்டி சந்தோஷத்தில் வாயைத் திறந்தான். வெள்ளையம்மா அவன் காலை ஓங்கி மிதித்தாள். என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சான்று எங்கே என்று கேட்பார். சான்று இல்லை என்றால் மறுபடியும் பறிமுதல், மறுபடியும் ஓடை. முட்டைகள் காலையிலிருந்து ஆறிக்கொண்டிருக்கின்றன. இன்னொரு பயணத்தை அவை தாங்காது.

"இல்லைங்க," என்றாள். "நான் இதுகளைப் பாத்ததே இல்லைங்க."

"உறுதியாகச் சொல்கிறீர்களா?"

"அந்நிய முட்டைங்க அய்யா. பாத்தாலே தெரியுதே. நம்ம முட்டை இவ்வளவு அழகா இருக்காது."

ஏகவர்ணம் மெல்ல மெல்லப் பச்சையானார். "நல்லது. வரி, முட்டைக்கு அரை வீதம் ஒன்றரை இட்லி."

"வரியை அந்நியர் கட்டுவார்னு தலைவர் சொன்னாரே?" என்றான் மாயாண்டி.

"கொள்கையில் அவர்தான் கட்டுகிறார். கையில் நீங்கள் கட்டுகிறீர்கள்."

மாயாண்டி பஸ் நிறுத்தத்து இட்லிக்கடைக்கு மூன்று நடை போய் வந்தான். மூன்றாவது நடையில் கடைக்காரர் கரண்டியை வீசியதில் ஒரு வால் இறகு போயிற்று. வெள்ளையம்மா அதற்குள் மூன்று முட்டைகளையும் வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டிருந்தாள். கூட்டில் கிடந்த நாலாவது முட்டை, அதாவது சான்றுள்ள முட்டை, குளிர்ந்து தனியாக ஓரத்தில் இருந்தது. அதை ஒரு முறை முறைத்தாள். பிறகு அதையும் இழுத்து அடியில் போட்டுக்கொண்டாள்.

குயில் முட்டை வழக்கமாக முந்திக்கொள்ளும். இந்த முறை வெள்ளையம்மாவின் முட்டைகள் முன்கூட்டியே சூடேறியிருந்ததால் அவள் குஞ்சுகள் முதலில் பொரிந்தன, குயில் குஞ்சு கடைசியில் பொரிந்தது. அது எட்டி இரை பிடுங்குவதற்குள் மற்ற மூன்றும் வலுத்துவிட்டன. நாலும் பிழைத்தன. ஒருநாள் காலையில் துருக்கறை முட்டையில் வந்த குஞ்சு கூட்டின் விளிம்பில் ஏறி, அவள் முகத்தைப் பார்த்து, கரகரவென்று "கா" என்றது. வெள்ளையம்மா அழுதுவிட்டாள். அதைவிட இனிமையான ஒன்றை அவள் கேட்டதில்லை.

பருவம் முடிந்ததும் ராஜா சட்டத்தின் பலனைப் பார்க்க வாகை மரத்தடிக்கு வந்தார். வீரபத்திரனும் சாரங்கனும் கூட வந்தார்கள். ஏகவர்ணம் ஏட்டை வாசித்தார். "உள்நாட்டுக் காகம் ஒன்று. அயல்நாட்டுக் குயில்கள் மூன்று."

உள்நாட்டுக் காகம் வாயைத் திறந்து "கூ" என்று பாடியது. காடே ஒரு கணம் நின்று கேட்டது.

"பார்த்தீர்களா மகாராஜா!" என்று வீரபத்திரன் மண்ணைக் கிண்டிக்கொண்டு துள்ளினார். "ஒரே பருவம்தான் பாதுகாத்தோம். நம் காகம் எப்படிப் பாடுகிறது!"

அயல்நாட்டுக் குயில்கள் மூன்றும் சேர்ந்து "கா, கா" என்று கத்தின.

"மட்டமான அந்நியச் சரக்கு," என்றார் வீரபத்திரன்.

"ஆனாலும் வணிக அளவு பாருங்கள்," என்றார் சாரங்கன். "போன வருஷம் ஓடையைத் தாண்டியது ஒரு முட்டை. இந்த வருஷம் அந்த மூன்றும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை, அதோடு சுந்தரவல்லியுடையது ஒன்று. ஆக ஏழு! தாராள வணிகத்துக்கு இதைவிட வெற்றி வேண்டுமா?" பாடிய குஞ்சு தன் மகன் என்று அவருக்குத் தெரியும். ஆனால் புள்ளிவிவரம் நன்றாக இருந்ததால் அதைக் கலைக்க அவருக்கு மனம் வரவில்லை.

இரண்டு கட்சியும் வென்றதில் ராஜாவுக்குப் பரம திருப்தி. சட்டத்தை நிரந்தரமாக்கிவிட்டுப் போனார். வெள்ளையம்மாவை யாரும் எதுவும் கேட்கவில்லை, அவளும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த பருவம் வந்தது. வெள்ளையம்மா மூன்று முட்டை இட்டாள். அரசமரத்தடிப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. நேரே சாவடிக்குப் போய், "அய்யா, என் கூட்டுல சான்று இல்லாத முட்டை மூணு இருக்கு. சீக்கிரம் பறிமுதல் பண்ணுங்க, ஆறிடப்போகுது," என்றாள். கிளையில் ஒன்றரை இட்லி தயாராக வைத்திருந்தாள். மதியத்துக்குள் முட்டைகள் மாந்தோப்புக்குப் போய்ச் சுடச்சுடத் திரும்பி வந்துவிட்டன.

விஷயம் பரவியது. காட்டிலிருந்த காகங்கள் எல்லாம் இதே வழிக்கு வந்தன. சுந்தரவல்லி ஏற்றுமதித் தாள் நிரப்பிக்கொண்டும், முட்டை சுமந்துகொண்டும், ஓடைக்கு அங்கும் இங்குமாகப் பறந்து இளைத்துப்போனாள். சொந்தமாக ஒரு முட்டையிட அவளுக்கு நேரமே இல்லை. சாரங்கனோ வணிகப் புள்ளிவிவரம் எழுதுவதில் மூழ்கிப் பாடுவதை நிறுத்திவிட்டார். போன வருஷத்து "உள்நாட்டுக் காகம்" வேறு ஊருக்குக் கச்சேரிக்குப் போய்விட்டது.

ஒரு காலையில் வெள்ளையம்மா அடையில் இருந்தபடியே தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "மாமா, கொஞ்ச நாளா காலையில என்னமோ குறையுற மாதிரி இருக்குல்ல?"

"நான் வேணா பாடவா?" என்றான் மாயாண்டி.

"வேணாம்," என்றாள் அவசரமாக.

அப்போது கடைசித் தவணை முட்டையைப் பக்கத்துக் கிளைக் கூட்டில் இறக்கிவிட்டு, சுந்தரவல்லி மூச்சு வாங்க உட்கார்ந்தாள். வெள்ளையம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இவள்மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தது என்று நினைத்துப் பார்த்தாள். இருந்தது, இன்னும் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது.

"ஏம்மா, உனக்குன்னு ஒண்ணு போடலையா இந்த வருஷம்?"

"எங்கக்கா நேரம்? அரசமரத்தடியில நின்னு படிவம் வாங்கணும், சாட்சி தேடணும். இனிமே எங்க?"

வெள்ளையம்மா சாவடிப் பக்கம் எட்டிப் பார்த்தாள். வரி இட்லி தின்ற மயக்கத்தில் ஏகவர்ணம் பட்டையின் நிறத்துக்கு மாறித் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் மூன்று முட்டைகளையும் காலால் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். "இந்த ஓரம் சும்மாதான் கிடக்கு. சத்தம் போடாம சீக்கிரம் போட்டுட்டுப் போ. பொரிஞ்சப்புறம் மட்டும் அடிக்கடி வந்து நீயும் ரெண்டு புழு குடுத்துட்டுப் போகணும், ஆமா."

நீதி: சொந்த முட்டையை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டுமானால் அதை முறைப்படி இறக்குமதி செய்துகொள்ள வேண்டும், அயலார் முட்டை வேண்டுமானால் அதிகாரி தூங்கும்போது வாங்கிக்கொள்ள வேண்டும்.